ரயில், படகு, விமான விபத்துகளை விசாரிப்பது எப்படி: காரைக்குடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலிருந்து வடக்கே ரயில் ஏறினால் மருதையாற்றைக் கடக்க வேண்டும். தெற்கே ஏறினால் பாம்பனைக் கடக்க வேண்டும். அதிகாலைப் பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிறவர்கள் அரியலூருக்கு முன்னால் வரும் மருதையாற்றுப் பாலத்தைக் கவனிப்பதுகூட இல்லை. 1956 நவம்பர் 23 அன்று வெள்ளத்தில் அந்தப் பாலம் பெயர்ந்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. 140க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1964 டிசம்பர் 22 நள்ளிரவில், பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் வண்டியைப் புயலும் கடலும் சேர்ந்து கொண்டுபோயின. நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் மடிந்தார்கள்.

அரியலூர் விபத்துக்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் பற்றி அப்பச்சி எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். அந்த நேர்மை போற்றத்தக்கது. அதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் ஆற்று வெள்ளம் ஏன் பாலத்தைப் பெயர்த்தது, வெள்ளம் ஏறுவதை யார் பார்த்திருக்க வேண்டும், பார்த்தவர் வண்டியை நிறுத்த என்ன வழி இருந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. "யார் பொறுப்பு?" என்பதற்கு விடை கிடைத்தவுடன் ஊர் அடங்கிவிடுகிறது. "ஏன் நடந்தது?" என்பதற்கு விடை கிடைத்தால்தான் அடுத்த வண்டி பத்திரமாகப் போகும்.

செட்டிநாட்டுக் கணக்கு வழக்கு தெரிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஐந்தொகை, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கு, நேராகும்வரை பேரேட்டை மூட மாட்டார்கள். காலணா குறைந்து கணக்கு இடித்தாலும் விளக்கை ஏற்றிவைத்துக்கொண்டு தேடுவார்கள். அந்தக் காலணா போனால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். அது எந்த வழியாக நழுவியது என்று தெரியாவிட்டால் நாளை ஆயிரம் ரூபாயும் அதே வழியாக நழுவும், அதனால்தான் தேடினார்கள். விபத்து விசாரணையும் அதே வேலைதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலோக அரிப்பையும் முறிவையும் ஆராய்வதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான். பொறியியல் மாணவர்கள், செய்தியாளர்கள், படகு நடத்துகிறவர்கள், ரயில்வே கேட் பக்கத்தில் குடியிருப்பவர்கள், ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். பெரிய விபத்தை விசாரிக்கும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஆனால் தடயத்தைக் காப்பாற்றுவது, சரியாகச் சாட்சி சொல்வது, உயிர் தப்பிய சிறு நிகழ்வுகளை நாமே ஆராய்வது, அறிக்கை வந்தபின் அதை விடாமல் துரத்துவது ஆகிய நான்கும் நம் கையில்தான் இருக்கின்றன.

தொடங்கும் முன்: யார் விசாரிக்கிறார்கள்?

ரயில் விபத்துகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ ஏற்பட்டால் ரயில் பாதுகாப்பு ஆணையர் விசாரிக்கிறார். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் அவருக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று: இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை; விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. 1941 மே மாதத்தில், ரயிலை ஓட்டுகிறவர்களே அதன் விபத்தை விசாரிக்கக் கூடாது என்பதற்காக இதைத் தனியே பிரித்து, அன்றைய தபால், விமானத் துறையிடம் ஒப்படைத்தார்கள். தலைமை ஆணையர் அலுவலகம் லக்னோவில் இருக்கிறது. நம் பகுதியைப் பார்ப்பவர் பெங்களூருவில் இருக்கும் தென்வட்ட ஆணையர். விபத்தைப் பற்றித் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று நாளிதழ்களில் அறிவிப்பு வரும். அந்த அறிவிப்பைக் கண்டால் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கண்டதைச் சொல்ல அழைப்பு அதுதான்.

விமான விபத்துகளுக்கு, விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம் இருக்கிறது. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்துக்குப் பிறகு, 2012இல் அது அமைக்கப்பட்டது. அதற்கு முன் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் இயக்குநரகமே விபத்துகளையும் விசாரித்துவந்தது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு உலகம் முழுவதற்கும் பொதுவான விதி: விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நடக்காமல் தடுப்பது, பழி சுமத்துவது நோக்கம் அன்று. முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாள், இறுதி அறிக்கைக்கு இயன்றவரை 12 மாதம் என்று அது கணக்கு வைத்திருக்கிறது.

படகுதான் அநாதை. கடலோடும் கப்பல்களுக்கு மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் இருக்கிறது. உள்நாட்டு நீர்நிலைப் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஏரியிலும் கழிமுகத்திலும் ஓடும் உல்லாசப் படகு கவிழ்ந்தால், என்றும் விழித்திருந்து ஓடிவரும் நிலையான விசாரணை அமைப்பு ஒன்று நமக்கு இல்லை. கேரளத்தில் 2002இல் குமரகம், 2009இல் தேக்கடி, 2023இல் தானூர் என்று ஒவ்வொரு முறையும் நீதி விசாரணை ஆணையம் ஒன்று புதிதாக அமைக்கப்பட்டது. ஆணையம் கலைந்ததும் அது கற்ற பாடமும் கலைந்துவிடுகிறது. இதனால்தான் இந்தக் கட்டுரையில் படகுக்குச் சற்று அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

காவல்துறை விசாரணை இவை அனைத்துக்கும் இணையாகத் தனியே நடக்கும். அது குற்றத்தைத் தேடுகிறது. பாதுகாப்பு விசாரணை காரணத்தைத் தேடுகிறது. இரண்டும் தேவை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், தண்டனைக்கு அஞ்சி எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

முதல் படி: உயிர் முதலில், தடயம் அடுத்து

மீட்பதற்காக எதையும் அறுக்கலாம், உடைக்கலாம், புரட்டலாம். அதில் தயக்கமே கூடாது. 108, ரயிலானால் 139, கடலானால் கடலோரக் காவல்படையின் 1554. ரயில் பாதையில் அறுந்து தொங்கும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று ரயில்வே ஊழியர் சொல்லும்வரை அதன் அருகே போகாதீர்கள். விழுந்த விமானமானால் காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். எரியும் புகையில் நுண்ணிய கரிநார்த் துகள்கள் இருக்கும்.

அறுப்பதற்கு முன், புரட்டுவதற்கு முன், இரண்டே இரண்டு படம் எடுத்துவிடுங்கள். தொலைவிலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று. அளவு தெரிய ஒரு பேனாவோ பத்து ரூபாய் நோட்டோ பக்கத்தில் இருக்கட்டும். இறந்தவர் முகங்களைப் படமெடுக்காதீர்கள். எடுத்ததை ஊருக்கெல்லாம் அனுப்பாதீர்கள். விசாரிப்பவர் கையில் மட்டும் கொடுங்கள்.

எது முதலில் அழியும் என்று தெரிந்துவைத்திருந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்பது தானே விளங்கும். கேட் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது அரை மணி நேரத்தில் மாறிவிடும். பாலத்தூணில் வெள்ளம் விட்ட ஈரக்கோடு மதியத்துக்குள் காய்ந்துவிடும். படகில் எத்தனை பேர் லைஃப் ஜாக்கெட் அணிந்திருந்தார்கள் என்பது, உடல்கள் கரைக்கு வந்த கணத்திலேயே கலைந்துவிடும். 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தபோது, கேட் மூடப்பட்டதா இல்லையா என்பதுதான் முதல் மணி நேரத்துச் சண்டை. அதன் பிறகு கேட்களில் கண்காணிப்புக் கேமரா பொருத்தவும், கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற பூட்டுமுறையை விரைவுபடுத்தவும் உத்தரவு வந்தது. பூட்டுமுறை இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. திறந்த கேட்டுக்குப் பச்சை விளக்கு எரிந்திருக்காது.

காரைக்குடி – திருவாரூர் அகலப்பாதை 2019இல் திறக்கப்பட்டபோது, போதிய கேட் கீப்பர்கள் இல்லாததால் ரயிலிலேயே ஆட்கள் ஏறி வந்து, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடிவிட்டுத் திறந்துவிட்டு மீண்டும் ஏறினார்கள். வண்டி ஊர்ந்தது, எல்லோரும் அலுத்துக்கொண்டோம். இன்று நினைத்தால், ஆளில்லாத கேட்டை அப்படியே விட்டுவிட்டு வேகமாக ஓட்டாதிருந்தார்களே என்று நிம்மதியாக இருக்கிறது.

இரண்டாம் படி: கடிகாரங்களை ஒப்பிடுங்கள்

விபத்தின் கதையை எழுதும் முன் காலவரிசையை எழுத வேண்டும். நிலையக் கடிகாரம், இன்ஜினின் வேகப் பதிவு, சிக்னல் அறையின் பதிவுக்கருவி, கேட் கீப்பரின் பதிவேடு, கடைத்தெருக் கேமரா, பயணியின் கைபேசி ஆகிய ஒவ்வொன்றும் வேறு நேரம் காட்டும். ஒரு நிகழ்வை எல்லாமே பதிவு செய்திருக்கும். மோதிய சத்தமோ மின்சாரம் போன கணமோ. அதைச் சுழியமாக வைத்து மற்றவற்றை முன்னும் பின்னுமாகத் திருத்துங்கள். இரண்டு கேமராக்களுக்கு இடையே நான்கு நிமிட வித்தியாசம் இருந்தால், கேட் கீப்பர் வண்டி வருவதற்கு முன் மூடினாரா பின் மூடினாரா என்பதே தலைகீழாகிவிடும்.

மூன்றாம் படி: சாட்சியின் சொல்லிலேயே எழுதுங்கள்

சாட்சிகளை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்கக் கூடாது. முதலில் பேசுகிறவரின் நினைவு மற்றவர்களின் நினைவாகிவிடும். "வண்டி வேகமாக வந்ததா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. "அண்ணே, நீங்கள் நின்ற இடத்திலிருந்து என்ன பார்த்தீர்கள், தொடக்கத்திலிருந்து சொல்லுங்கள்" என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். எங்கே நின்றார் என்பதைப் படம் வரைந்து குறியுங்கள்.

மொழியைத் திருத்தாதீர்கள். தொண்டிப் பக்கத்து மீனவர் "வாடை திடீரென்று எழுந்தது" என்பார். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்கு அவர் வைத்திருக்கும் ஒவ்வொரு பெயரும் ஒரு திசை. அதை "பலத்த காற்று வீசியது" என்று மாற்றி எழுதிய குமாஸ்தா, படகின் எந்தப் பக்கத்தைக் காற்று தாக்கியது என்ற செய்தியை அழித்துவிடுகிறார்.

1964இல் தனுஷ்கோடி வண்டியில் பிழைத்துச் சொல்ல ஆளில்லை. ஊருக்கு அருகே சிக்னல் கிடைக்காமல் நின்றது, பிறகு ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுவதெல்லாம் வெளியிலிருந்து கூட்டிப் பார்த்ததுதான். அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை இனி யாரும் அறிய முடியாது. மனிதர்கள் மிஞ்சாத இடத்தில் பேசுவதற்குக் கருவி வேண்டும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று நம் பக்கத்தில் இல்லை.

அப்படிப் பேசும் கருவிதான் கருப்புப் பெட்டி. ஆஸ்திரேலிய விஞ்ஞானி டேவிட் வாரன் 1950களில் அதை உருவாக்கினார். அவர் சிறுவனாக இருந்தபோது தந்தையை விமான விபத்தில் இழந்தவர். பெயர்தான் கருப்பு, நிறம் ஆரஞ்சு. இரண்டு பெட்டிகளில் ஒன்று விமானத்தின் வேகம், உயரம், விசைகள் ஆகியவற்றைப் பதிவு செய்யும். மற்றொன்று விமானிகளின் குரலைப் பதிவு செய்யும். வயலில் இப்படி ஏதாவது கிடைத்தால் தொடாமல் காவல் நில்லுங்கள். தண்ணீரில் கிடந்ததானால் அதைக் காயவைக்கக் கூடாது. தண்ணீரில் மூழ்கவைத்துத்தான் கொண்டுபோவார்கள்.

நான்காம் படி: உடைந்த உலோகத்தைப் படியுங்கள்

இது என் தொழில். ஆகவே சற்று நின்று சொல்கிறேன்.

உடைந்த இரும்புக்கு முகம் உண்டு. ஒரே அடியில் முறிந்த துண்டின் முகம் முழுவதும் ஒரே மாதிரி, புதிதாக, சொரசொரப்பாக மின்னும். பெரும்பாலும் வளைந்து நீண்டும் இருக்கும். நாள்பட்ட சோர்வால், அதாவது சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்கியதால், முறிந்த துண்டு வேறு மாதிரி. தேவிபட்டினத்தில் கடல் பின்வாங்கும்போது மணலில் வளைவு வளைவாகக் கோடு விட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போன்ற வரிகள் முறிவுமுகத்தில் இருக்கும். எல்லா வரிகளும் ஒரு புள்ளியைச் சுற்றி விரியும். விரிசல் பிறந்த இடம் அதுதான்: ஒரு துரு குழி, ஒரு மோசமான வெல்டிங், ஓட்டை போட்டவர் மழுக்காமல் விட்ட ஓர் ஓரம். வரிகள் உள்ள பகுதி பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கடைசியாக முறிந்த பகுதி மட்டும் வெள்ளிபோல் இருக்கும்.

பழுப்புப் பகுதி முகத்தில் முக்கால் பங்கு இருந்தால் அந்த விரிசல் நேற்றுப் பிறந்ததல்ல. பல மாதம் அங்கேயே இருந்திருக்கிறது. அப்போது கேள்வி ஓட்டுநரை விட்டு நகர்ந்துவிடுகிறது. கடைசியாக மீயொலிக் கருவியால் சோதித்தது எப்போது? சோதித்தவருக்கு அது ஏன் தெரியவில்லை? தெரிந்து எழுதியிருந்தால் அந்தத் தாள் எங்கே நின்றது?

எனவே உடைந்த துண்டு கிடைத்தால் செய்யக் கூடாதவை மூன்று. துருவைத் தேய்க்காதீர்கள், துருதான் நாட்காட்டி. விரலால் முகத்தைத் தொடாதீர்கள். வியர்வையின் உப்பு ஒரே இரவில் புதுத் துருவை வளர்த்துவிடும். இரண்டு துண்டுகளையும் பொருத்திப் பார்க்காதீர்கள். ஒருமுறை ஓரிடத்திலிருந்து எங்களுக்கு வந்த அச்சுத் துண்டுகளை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஒன்றோடொன்று பொருத்திக் கம்பியால் கட்டி அனுப்பியிருந்தார்கள். நானூறு கிலோமீட்டர் லாரியில் உரசி உரசி, முகத்திலிருந்த வரிகள் எல்லாம் மழுங்கிப்போயிருந்தன. நல்ல எண்ணத்தோடுதான் கட்டினார்கள். அந்த முறிவின் காரணம் இன்றுவரை தெரியாது. உலர்ந்த பஞ்சில் தனித்தனியே சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பையில் போட்டு, எங்கே எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்று எழுதி ஒட்டினால் போதும்.

இந்தப் படிப்பின் பெரிய பாடம் வானத்திலிருந்து வந்தது. 1954இல் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு, சில மாத இடைவெளியில் மத்தியதரைக் கடல் மேலே சிதறின. பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் கடலடியிலிருந்து சிதைவுகளை அள்ளினார்கள். வேறொரு காமெட்டைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தை மீண்டும் மீண்டும் கொடுத்தார்கள். கூடு பிளந்தது. திறப்புகளின் மூலையில் அழுத்தம் குவிந்து உலோகம் சோர்ந்திருந்தது. இன்று நீங்கள் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கும்போது பார்க்கும் ஜன்னலின் மூலை உருண்டிருப்பதில் அந்த விசாரணை இருக்கிறது.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளில் ஒரு போயிங் 737இன் மேற்கூரையின் முன்பகுதி நடுவானில் பிய்ந்து பறந்தது. உப்புக்காற்றிலேயே சுமார் 89,000 முறை ஏறி இறங்கிய விமானம் அது. அரிப்பும் சோர்வும் கைகோத்திருந்தன. பணிப்பெண் ஒருவர் இறந்தார், விமானி தரையிறக்கிவிட்டார். விமானத்தில் ஏறும்போதே ஒரு பயணி கதவருகில் விரிசலைப் பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தால் சொல்லுங்கள். அசட்டுக் கேள்வியாகத் தோன்றினாலும் சொல்லுங்கள்.

உப்புக்காற்று என்றால் நமக்குப் பாம்பன். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் என்ற கடலோர ஊரில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் காயவைத்து அரிப்பை அளந்து வருகிறது. 1914இல் திறந்த பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. அதற்கு ஐந்து மாதம் முன்பே, 2024 நவம்பரில், ரயில் பாதுகாப்பு ஆணையர் அதைச் சோதித்து, வடிவமைப்பு நடைமுறையிலும் அரிப்புத் தடுப்பிலும் குறைகளை எழுதினார். வேகத்தை 75 கிலோமீட்டராகவும், தூக்கும் பகுதியில் 50 கிலோமீட்டராகவும் வரையறுத்தார். விபத்து நடக்கும் முன்பே எழுதிய விபத்து விசாரணை என்று நான் அதைச் சொல்வேன். அத்தகைய அறிக்கைகளைத்தான் நாம் அதிகம் வாசிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: படகில் எடையை எண்ணுங்கள், தலையை அல்ல

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா என்ற படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்று முதலில் பேசினார்கள். மனிதர்கள் திரளத்தான் செய்வார்கள். அதற்காகத்தானே காட்டுக்குள் படகு விடுகிறோம். அத்தனை பேரும் ஒரு பக்கம் வந்தாலும் கவிழாத படகாக அது ஏன் இல்லை என்பதுதான் சரியான கேள்வி. பிறகு படகின் வடிவமைப்பும் வாங்கிய முறையுமே கேள்விக்குள்ளாயின. 2023 மே 7 அன்று தானூரில் 22 பேரை மூழ்கடித்தது, மீன்பிடிப் படகை மாற்றி மேல்தட்டு வைத்த சுற்றுலாப் படகு.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர்களோடு ஒரு கழிமுகத்தில் படகுச் சவாரி போனேன். இருபது பேர் இருந்தோம். கரையில் நாரைக் கூட்டம் எழும்பியது. "ஆச்சி, இங்கே பாருங்கள்" என்று ஒரு பையன் கத்தினான். பத்துப் பேர் எழுந்து இடப்பக்கம் வந்தார்கள். விளிம்பு தண்ணீரிலிருந்து நான்கு விரல்கடை உயரத்துக்கு வந்துவிட்டது. படகோட்டி அதட்டி உட்காரவைத்தார். லைஃப் ஜாக்கெட்டுகள் பலகைக்கு அடியில் கயிற்றோடு சிக்கிக் கிடந்தன. ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மறுநாள் திரும்பிப் போய் அளந்தேன். இதை நீங்களும் செய்யலாம். எல்லோரும் சமமாக உட்கார்ந்திருக்கும்போது, நீர்மட்டத்திலிருந்து விளிம்பு எவ்வளவு உயரம் என்று அளவுகோலால் இருபக்கமும் குறியுங்கள். பிறகு படகோட்டியின் சம்மதத்தோடு, துறையில் கட்டிய நிலையிலேயே, லைஃப் ஜாக்கெட் அணிந்த நான்கு பேரை ஒரு பக்கம் நகர்த்தி மீண்டும் அளவெடுங்கள். பிறகு கணக்குப் போடுங்கள். பத்துப் பேர், தலா 60 கிலோ, ஒரு மீட்டர் நகர்ந்தால், 600 கிலோவைத் தூக்கி ஒரு மீட்டர் தள்ளி வைத்ததற்குச் சமம். நின்றவர்களின் எடை உட்கார்ந்தவர்களின் எடையைவிட உயரத்தில் இருப்பதால் ஆபத்து இன்னும் கூடும். மேல்தட்டு இருந்தால் அதைவிடவும் கூடும். நான்கு பேருக்கே விளிம்பு பாதி இறங்கினால், பலகையில் எழுதியிருக்கும் "20 பேர்" என்ற எண்ணுக்கு யாரும் கணக்குப் பார்க்கவில்லை என்று பொருள்.

ஒரு பக்கத் தாளில் அளவுகளையும் படத்தையும் எழுதி அந்தப் படகை நடத்துகிறவர்களிடம் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது ஜாக்கெட்டுகளைத் துறையிலேயே தொங்கவிட்டு, அணிந்தபிறகே ஏற்றினார்கள். ஆள் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. அதற்காக இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆறாம் படி: முதல் விடையோடு நிற்காதீர்கள்

2018 அக்டோபர் 12 அதிகாலை, திருச்சியிலிருந்து துபாய்க்கு 136 பேரோடு எழும்பிய விமானம் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலேறியது. வயிற்றுப் பகுதி கிழிந்த நிலையில் மும்பையில் பத்திரமாக இறங்கியது. நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அதே ஓடுபாதையிலிருந்து வளைகுடாவுக்குப் போகிறார்கள்.

விமானி தவறு செய்தார் என்று சொல்லி முடித்துவிடலாம். புலனாய்வு மேலும் தோண்டியது. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது விமானியின் இருக்கை முதுகு திடீரெனப் பின்னால் சாய்ந்தது. தடுமாறியவர் கையோடு இன்ஜின் விசைக் கைப்பிடியும் பின்னே வந்தது; விசை குறைந்தது; அதை இருவரும் கவனிக்கவில்லை. இப்போது இரண்டு புதிய கேள்விகள் பிறக்கின்றன. இருக்கை ஏன் சாய்ந்தது? விசை குறைந்ததை இரண்டாம் ஆள் கண்டுபிடிக்கும் பழக்கம் ஏன் வேலை செய்யவில்லை? விமானியைத் தண்டிப்பதால் இந்த இரண்டுக்கும் விடை கிடைக்காது.

2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பஹாநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பச்சை சிக்னல் பெற்றும், வண்டிகளை ஒதுக்கி நிறுத்தும் கிளைப் பாதையான லூப் லைனில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியது. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓட்டுநர் செய்த பிழை எதுவுமில்லை. சிக்னல் மின்சுற்றில் முன்பே நடந்த தவறான மாற்றமும், 94ஆம் கேட்டில் தடுப்புக் கம்பம் மாற்றும் பணியில் நடந்த தவறும் சேர்ந்தன. என்னைக் கலங்கவைத்தது ஆணையர் அறிக்கையின் இன்னொரு பகுதி: 2022 மே 16 அன்று அதே ரயில்வேயில் பாங்க்ரா நயாபாஜ் நிலையத்தில் இதேபோல் தவறான கம்பி இணைப்பால் ஒரு கோளாறு நடந்திருந்தது. அப்போது யாரும் சாகவில்லை. அதைத் தீர விசாரித்துத் திருத்தியிருந்தால் பஹாநகா நடந்திருக்காது என்று அவர் எழுதினார். காலணா இடித்த அன்றே தேடியிருக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாத்தில் 260 பேரைப் பலிகொண்ட விமான விபத்தின் முதற்கட்ட அறிக்கை சரியாக ஒரு மாதத்தில் வந்தது. எரிபொருள் சுவிட்சுகள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்த நிலைக்கு மாறின என்று அது சொன்னது. ஏன் மாறின என்று சொல்லவில்லை. அந்த இடைவெளியில் எத்தனை பேர், இறந்துபோன விமானிகள் மீது தீர்ப்பு எழுதிவிட்டார்கள்! முதற்கட்ட அறிக்கை "என்ன" என்பதை மட்டும் சொல்லும். "ஏன்" என்பதற்குக் காத்திருக்கும் பொறுமை, இறந்தவர்களுக்கு நாம் செய்ய வேண்டிய மரியாதை.

ஏழாம் படி: பரிந்துரையை எழுதுங்கள், பிறகு துரத்துங்கள்

"ஊழியர்கள் விழிப்பாக இருக்க வேண்டும்" என்று முடியும் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விழிப்பாக இருப்பவர்களும் களைப்படைவார்கள். நல்ல பரிந்துரையில் யார், எதை, எந்தத் தேதிக்குள் மாற்ற வேண்டும், மாறியதை யார் சோதிப்பார்கள் என்பவை இருக்கும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபின், மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி இந்திய வானில் கட்டாயமானது. மனிதக் கவனம் தவறும் கணத்தில் கருவி பேசுகிறது. பாம்பனில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி இருக்கிறது. வரம்பைத் தாண்டினால் வண்டி பாலத்தில் ஏறாது. 1964இன் ஓட்டுநர் இருட்டில் தனியே எடுக்க வேண்டியிருந்த முடிவை இன்று எந்த ஓட்டுநரும் எடுக்க வேண்டியதில்லை.

அறிக்கை அலமாரியில் உறங்காமலிருக்க, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "விபத்தைப் பற்றி என்ன நடவடிக்கை எடுத்தீர்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: இந்தத் தேதியிட்ட அறிக்கையின் ஒவ்வொரு பரிந்துரையும் ஏற்கப்பட்டதா? ஏற்கப்பட்டதில் எவை, எந்தத் தேதியில் நிறைவேறின? எங்கள் ஊர் எல்லையிலுள்ள இந்த எண் கேட்டில் பூட்டுமுறை பொருத்தப்பட்டதா? இந்தத் துறையில் ஓடும் படகுகளின் கடைசிச் சோதனைச் சான்றின் நகல் தருக.

இதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். இடப்பக்கம் பரிந்துரை, வலப்பக்கம் அது நிறைவேறிய தேதி. என் நோட்டில் வலப்பக்கம் வெறுமையாக இருக்கும் வரிகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன. அடுத்த மனு வரும் திங்கட்கிழமை தபாலில் போகிறது.